போன்ல ஏசி ஓடுது, வீட்ல ஓடல!

போன வருஷம் மே மாசம். அக்னி நட்சத்திரம். ஹாஸ்டல் மொட்டை மாடியில பாயைப் போட்டுப் படுத்துக்கிட்டு போனைப் பார்க்கிறேன். திரையில "படுக்கையறை ஏசி, கூல், 26 டிகிரி" என்று பச்சை நிறத்தில் காட்டுது. மண்டபத்துல எங்க வீட்ல அப்பத்தா குளுகுளுன்னு தூங்குறாங்க, அதுக்குக் காரணம் நான் பண்ணின 300 ரூபாய் போர்டு என்று ஒரு பெருமை. அந்தப் பெருமையிலேயே நானும் தூங்கிட்டேன்.

காலையில போன் பண்ணினா, "நைட்டு ஒரே புழுக்கம்யா. ரெண்டு மணிக்கு மேல கண்ணே மூடல" என்றாங்க. ஏசியைப் போட வேண்டியதுதானே என்று கேட்டேன். "கரண்டு காசு ஏறுதுன்னு நீதேன் அங்கேருந்து அமத்திட்டியோன்னு நெனச்சேன். அதேன் தொடல."

அப்பத்தாவுக்கு 80 வயசு. பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க. அப்பா அம்மா வேலைக்காகத் திருப்பூர்ல இருக்காங்க, பக்கத்து வீட்டு அத்தை பகல்ல வந்து பார்த்துக்குவாங்க. ராத்திரி அப்பத்தா தனிதான். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தின அறையில, ஓடாத ஏசிக்குக் கீழ, பேரன் அணைச்சிட்டான்னு நினைச்சு ஒருத்தங்க விடிய விடிய உட்கார்ந்திருந்திருக்காங்க. நான் அங்கே எதையும் அணைக்கல. ஆனா ஓடுதுன்னு என் போன் சொன்னது பொய்.

அந்தப் பொய் எங்கேருந்து வந்துச்சு, அதை எப்படிச் சரி பண்ணினேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. உங்க வீட்லயும் வைஃபை இல்லாத சாதாரண ஏசி இருந்து, அதை நீங்களே ஸ்மார்ட் ஆக்கணும்னு ஆசை இருந்தா, நான் பண்ணின தப்பைத் திரும்பப் பண்ணாம ஆரம்பிக்கலாம். (பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். ல, ள எங்கயாவது மாறியிருந்தா எடிட்டர் டீம் மேல பழி போடவும்.)

முதல்ல ரிமோட்டைப் புரிஞ்சுக்கணும். டிவி ரிமோட்டும் ஏசி ரிமோட்டும் பார்க்க ஒண்ணு மாதிரி இருக்கும், வேலை செய்யறது வேற மாதிரி. ரெண்டோட முனையிலயும் ஒரு அகச்சிவப்பு எல்இடி இருக்கு. அதன் ஒளி நம்ம கண்ணுக்குத் தெரியாது. போன் செல்ஃபி கேமராவை ஆன் பண்ணி ரிமோட்டை அதுக்கு நேரா அழுத்திப் பாருங்க, பெரும்பாலான போன்ல ஊதா நிறத்துல மினுக்குறது தெரியும். அந்த மினுக்கல் சும்மா வர்றதில்லை. பெரும்பாலான ரிமோட்டுகள்ல வினாடிக்கு 38,000 தடவை, அதாவது 38 கிலோஹெர்ட்ஸ் வேகத்துல, எல்இடி அணைஞ்சு எரியுது. வெயில், பல்பு எல்லாத்துலயும் அகச்சிவப்பு இருக்கு. அந்தக் கூட்டத்துல ரிமோட்டை மட்டும் அடையாளம் காணத்தான் இந்த ஏற்பாடு. பிறகு, அந்தத் துடிப்பை எவ்வளவு நேரம் விட்டு விட்டு அனுப்புறோம் என்பதுல தகவல் இருக்கு. இடைவெளி குட்டையா இருந்தா 0, நீளமா இருந்தா 1.

டிவி ரிமோட்ல வால்யூம் பட்டனை அழுத்தினா "வால்யூமை ஒரு படி ஏத்து" என்ற சின்னச் செய்தி மட்டும் போகும். நிறைய டிவிகள் பயன்படுத்துற என்இசி முறையில அது 32 பிட். வால்யூம் இப்போ எவ்வளவுன்னு ரிமோட்டுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஏசி ரிமோட் அப்படி இல்லை. அதுல ஒரு சின்னத் திரை இருக்கு பாருங்க. கூல் மோடு, 26 டிகிரி, ஃபேன் மீடியம், ஸ்விங் ஆன் என்று எல்லாத்தையும் ரிமோட்தான் ஞாபகம் வச்சிருக்கு. நீங்க ஒரு டிகிரி ஏத்தினாலும், பெரும்பாலான மாடல்கள்ல மொத்த நிலவரமும் ஒரே செய்தியா மறுபடியும் போகும். அதனாலதான் செய்தி நீளம். சில கம்பெனிகள்ல 200 பிட்டையும் தாண்டும். கடைசியில செக்சம் ஒண்ணும் இருக்கும், அது பொருந்தலைன்னா ஏசி அந்தச் செய்தியைக் கண்டுக்காது.

இப்போ முக்கியமான இடம். ஏசி பதில் பேசாது. ரிமோட்ல எல்இடி இருக்கு, காது இல்லை. ஏசியில காது இருக்கு, வாய் இல்லை. "பீப்" சத்தம் மனுஷங்களுக்கு, ரிமோட்டுக்கு இல்லை. நீங்க ரிமோட்டை எடுத்துட்டுப் போய் சமையலறையில நின்னு ஆன் பண்ணினா ரிமோட் திரையில ஆன் என்றுதான் காட்டும். படுக்கையறையில ஏசி சும்மா கிடக்கும். நாம இதைத் தினம் பார்க்கிறோம், சிரிச்சுட்டு மறுபடி அழுத்துறோம். ஆனா அதே ரிமோட்டை 200 கிலோமீட்டர் தள்ளி ஹாஸ்டல்ல வச்சு அழுத்தினா யார் பார்த்துச் சொல்றது?

நான் செஞ்ச முதல் போர்டு ரொம்ப எளிமையானது. இஎஸ்பி8266 சிப் வச்ச நோட்எம்சியூ போர்டு ஒண்ணு, அகச்சிவப்பு எல்இடி ஒண்ணு, ஒரு டிரான்சிஸ்டர், ரெண்டு ரெசிஸ்டர். டிரான்சிஸ்டர் எதுக்கு என்று ஜூனியர் ஒருத்தன் கேட்டான், அதனால சொல்றேன். இந்தச் சிப்போட பின் ஒண்ணு 12 மில்லி ஆம்பியர் வரைக்கும்தான் தரும். நேரா எல்இடியை மாட்டினா ஒரு அடி தூரத்துல வேலை செய்யும், அறைக்குக் குறுக்கே எட்டாது. 2என்2222 டிரான்சிஸ்டர் வச்சு 5 வோல்ட்லேருந்து 100 மில்லி ஆம்பியர் கிட்ட இழுத்தா, எதிர்ச் சுவர்ல பட்டுத் திரும்பியே ஏசிக்குக் கேட்கும். எல்இடிக்கு 33 அல்லது 47 ஓம், பேஸுக்கு 470 ஓம். அவ்வளவுதான் சர்க்யூட்.

சாஃப்ட்வேர் பக்கம் நம்ம அதிர்ஷ்டம், உலகம் முழுக்க இருக்கிற ஆளுங்க ஏற்கெனவே மண்டையை உடைச்சு வச்சிருக்காங்க. ஐஆர்ரிமோட்இஎஸ்பி8266 என்ற இலவச லைப்ரரியில டைகின், மிட்சுபிஷி, எல்ஜி, சாம்சங், பானசோனிக் என்று நிறைய ஏசிகளோட மொழி இருக்கு. நம்ம ஊர் வோல்டாஸ் கூட இருக்கு. உங்க ரிமோட் எந்த மொழி என்று கண்டுபிடிக்க, விஎஸ்1838பி என்ற மூணு கால் ரிசீவரை மாட்டி ரிமோட்டை அழுத்தினா லைப்ரரியே சொல்லிடும். (பழைய டிஎஸ்ஓபி1738 வாங்காதீங்க. அது 5 வோல்ட் ஆளு, இஎஸ்பி 3.3 வோல்ட் ஆளு.) மொழி தெரியாத ரிமோட்டா இருந்தாலும், துடிப்பை அப்படியே பதிவு பண்ணித் திரும்ப ஒலிபரப்பலாம். கிளி சொல்றதைத் திருப்பிச் சொல்ற மாதிரி, அர்த்தம் தெரியாது, வேலை நடக்கும். ஆனா ஒவ்வொரு டிகிரிக்கும் ஒவ்வொரு மோடுக்கும் தனித்தனியா பதிவு பண்ணணும்.

எல்லாத்தையும் ஒண்ணு சேர்க்க ஹோம் அசிஸ்டன்ட். 2013ல பாலஸ் ஸ்கௌட்சன் என்பவர் ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் திட்டம். வீட்ல ஒரு பழைய லேப்டாப்ல ஓடுது, யாரோட சர்வரையும் நம்பி இல்லை. போர்டுக்கு இஎஸ்பிஹோம். ஹாஸ்டல்லேருந்து வீட்டுக்குள்ள போக டெயில்ஸ்கேல். தயவுசெஞ்சு ரௌட்டர்ல போர்ட்டைத் திறந்து விடாதீங்க, உங்க அறையோட ஏசியை ஊரே போட்டு அணைக்கும்.

இதெல்லாம் ஒரு வாரத்துல முடிஞ்சது. ஏப்ரல் முழுக்க ஓடுச்சு. அப்புறம்தான் அந்த மே மாச ராத்திரி.

என்ன நடந்துச்சுன்னா, பதினோரு மணிக்கு மேல கரண்ட் போயிருக்கு. எங்க வீட்ல பேட்டரி இன்வெர்ட்டர் இருக்கு. லைட், ஃபேன், ரௌட்டர், லேப்டாப், என் போர்டு எல்லாம் இன்வெர்ட்டர் லைன்ல. ஏசி மட்டும் நேரடி ஈபி லைன்ல, ஏசியை இழுக்க இன்வெர்ட்டரால முடியாது. அரை மணி நேரத்துல கரண்ட் வந்துடுச்சு. சில ஏசிகள் கரண்ட் வந்ததும் பழைய நிலைக்குத் தானா திரும்பும். எங்க ஏசிக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது அமைதியா நின்னுடுச்சு. என் போர்டுக்குக் கரண்ட் போனதே தெரியாது, கடைசியா அனுப்பின "கூல் 26" என்பதையே பிடிச்சுக்கிட்டுப் பச்சை விளக்கு காட்டிக்கிட்டிருந்துச்சு. நல்லதுக்குன்னு இன்வெர்ட்டர் லைன்ல மாட்டினதே வினையாப் போச்சு. அதுவும் அணைஞ்சிருந்தா "தொடர்பு இல்லை" என்றாவது போன்ல வந்திருக்கும்.

கடையில 1,000 ரூபாய் சொச்சத்துக்கு ரெடிமேட் ஐஆர் பிளாஸ்டர் கிடைக்குதே, அதை வாங்கியிருந்தா? அதுவும் இதே பொய்யைத்தான் சொல்லியிருக்கும். சோபாவை விட்டு எந்திரிக்கச் சோம்பேறித்தனம்தான் உங்க பிரச்சினைன்னா அதை வாங்கிக்கங்க, தப்பே இல்லை. ஆளு பக்கத்துல இருக்கிறப்போ ஒருவழிப் பேச்சு போதும். தூரத்துல இருக்கிறப்போ போதாது.

அப்போ ஏசி நிஜமா ஓடுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ரெண்டு வழி யோசிச்சேன். ஒண்ணு, கரண்ட்டை அளக்கிறது. ஏசிக்குப் போற வயரைச் சுத்தி ஒரு கிளாம்ப் சென்சார் மாட்டினா, எத்தனை ஆம்பியர் ஓடுதுன்னு தெரியும். ஆனா அதை ஃபேஸ் வயர்ல மட்டும் தனியா மாட்டணும். ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்துக் கவ்வினா போற கரண்ட்டும் வர்ற கரண்ட்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கிட்டு பூஜ்யம்தான் காட்டும். அப்போ வயரோட வெளித்தோலைப் பிரிக்கணும், 230 வோல்ட்ல கையை வைக்கணும். அப்பா ஒரே வார்த்தையில வேண்டாம்னுட்டார். அவர் சொன்னது சரி. எலக்ட்ரீஷியன் கூட இல்லாம நீங்களும் அந்தப் பெட்டியைத் திறக்காதீங்க.

ரெண்டாவது வழி இன்னும் சுலபம், ஏசி வாயில கையை வச்சுப் பார்க்கிறது. நாம எல்லாரும் செய்யறதுதான். கைக்குப் பதில் டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார். ஸ்டீல் குழாய்க்குள்ள அடைச்சு, வயரோட கிடைக்கும். ஒண்ணை ஏசியோட காத்து வர்ற இடத்துல தொங்கவிட்டேன், இன்னொண்ணை அறையோட எதிர்ப்பக்கம். ஏசி நல்லா ஓடும்போது ரெண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்கும். ஓடலைன்னா ரெண்டும் ஒரே எண். ரெண்டுக்கும் ஒரே டேட்டா பின் போதும், நடுவுல 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு. இன்வெர்ட்டர் ஏசியா இருந்தா அறை குளிர்ந்த பிறகு மெதுவா ஓடும், வித்தியாசமும் குறையும், அதனால நான் 4 டிகிரியை எல்லைக்கோடா வச்சிருக்கேன். நீங்க உங்க அறையில ரெண்டு நாள் அளந்து பார்த்து முடிவு பண்ணுங்க.

ஈபி கரண்ட் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க ஒரு பழைய மொபைல் சார்ஜரைப் பயன்படுத்தினேன். அதை ஈபி லைன் பிளக்குல சொருகி, அதோட 5 வோல்ட்டை 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டு வச்சு 3.3ஆ குறைச்சு போர்டோட ஒரு பின்ல கொடுத்தேன். சார்ஜர்ல வோல்ட்டேஜ் இருந்தா கரண்ட் இருக்கு. ஓட்டை சார்ஜருக்குக் கிடைச்ச மறுவாழ்வு.

இப்போ போன்ல ஒரு விளக்குக்குப் பதில் மூணு வரி. நான் என்ன சொன்னேன், கரண்ட் இருக்கா, காத்து குளிருதா. ஆன் என்று சொல்லி 15 நிமிஷம் ஆகியும் காத்து குளிரலைன்னா அலாரம் அடிக்கும், எனக்கும் பக்கத்து வீட்டு அத்தை போனுக்கும். கரண்ட் போய்த் திரும்பி வந்தா 5 நிமிஷம் பொறுத்து, கடைசி நிலவரத்தைப் போர்டே மறுபடி அனுப்பும். அந்த 5 நிமிஷத்தைக் குறைக்காதீங்க. கம்ப்ரஸர் நின்ன உடனே அதன் ரெண்டு பக்கமும் வாயு அழுத்தம் ஏறத்தாழ இருக்கும். அது சமமாக ஒரு மூணு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணினா மோட்டார் திணறும். ஸ்டெபிலைசர்ல கரண்ட் வந்ததும் "டிலே" விளக்கு எரியறது இதுக்குத்தான்.

இங்க இன்னொரு பள்ளம் இருக்கு. சில ஏசிகள்ல ஆன் செய்தி தனி, ஆஃப் செய்தி தனி கிடையாது. ஒரே "மாத்து" செய்திதான். ஓடிட்டிருந்தா நிக்கும், நின்னிருந்தா ஓடும். அந்த மாதிரி ஏசிக்குக் கண்ணை மூடிக்கிட்டு மறுபடி அனுப்பினா, ஓடிட்டிருக்கிற ஏசியை நாமளே நிறுத்திடுவோம். முதல்ல காத்து குளிருதான்னு பார்த்துட்டு அப்புறம் அனுப்பணும்.

இதையெல்லாம் விட எனக்கு உறைச்சது அப்பத்தா சொன்ன அந்த வார்த்தைதான். "நீதேன் அமத்திட்டியோன்னு நெனச்சேன்." ரிமோட் அவங்க தலைமாட்லதான் இருந்துச்சு. எடுத்து அழுத்தலை. வீட்ல ஏசியைப் போடுற உரிமை அவங்ககிட்டேருந்து எனக்கு எப்போ வந்துச்சுன்னு அவங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. நான் அவங்களுக்கு உதவி பண்றதா நினைச்சு ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி மோடு பட்டனைத் தெரியாம அழுத்தி ஏசி ஃபேன் மோடுக்குப் போயிடும், "ஏசி ரிப்பேரு" என்று போன் வரும், மெக்கானிக் வந்து ஒரு பட்டனை அழுத்திட்டுக் காசு வாங்கிட்டுப் போவார். அதைத் தவிர்க்கத்தான் இவ்வளவும்.

அதனால ரெண்டு மாத்தம் பண்ணினேன். போர்டுல அந்த விஎஸ்1838பி ரிசீவரை நிரந்தரமா மாட்டி வச்சேன். அப்பத்தா ரிமோட்டை அழுத்தினா ஏசிக்குக் கேட்கும்போதே போர்டுக்கும் கேட்கும், இஎஸ்பிஹோம்ல அதுக்கு வசதி இருக்கு. அவங்க அணைச்சா போர்டும் "அணைஞ்சிருக்கு" என்று எழுதிக்கும், கரண்ட் வந்த பிறகு தானா போட்டுத் தொலைக்காது. அவங்க கடைசியா என்ன சொன்னாங்களோ அதுதான் செல்லும். ரெண்டாவது, கட்டில் பக்கத்துல பெரிய பட்டன் ரெண்டு, காலிங் பெல் சுவிட்ச். பச்சையை அழுத்தினா கூல் 26, சிவப்பை அழுத்தினா ஆஃப். வேற எதுவும் இல்லை. அது வைஃபை வழியா போகல, நேரா போர்டுக்கு வயர். நெட் இல்லைன்னாலும், லேப்டாப் செத்தாலும், நான் செமஸ்டர்ல செத்தாலும் அது வேலை செய்யும். நானும் ஹாஸ்டல்லேருந்து அணைக்கிறதில்லைன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். இப்போ எனக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி. அவங்க போன் பண்ணிக் கேட்டா மட்டும் போடுவேன்.

சரி, இனி உப்புக் கதை. இது நம்ம கடற்கரைக்காரங்களுக்கு. சென்னை, தூத்துக்குடி பசங்களும் படிக்கலாம்.

ஜூன் கடைசியில போர்டு தினமும் ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணிக்கு ரீஸ்டார்ட் ஆக ஆரம்பிச்சுது. பகல்ல ஒரு குறையும் இல்லை. நான் ரெண்டு வாரம் கோடுல பிழை தேடினேன். வைஃபை லைப்ரரியை மாத்தினேன், அடாப்டரை மாத்தச் சொன்னேன். லீவுல வீட்டுக்குப் போய் போர்டைக் கழட்டிப் பார்த்தா பின் எல்லாம் பச்சை பூத்திருக்கு. அதை நான் வச்சிருந்த இடம் ஜன்னல் திட்டு.

மண்டபம் எப்படிப்பட்ட இடம்னா, வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் அடிச்சா ஒரு பக்கத்து உப்பு, வாடை அடிச்சா இன்னொரு பக்கத்து உப்பு. வருஷத்துல உப்பு இல்லாத மாசம் கிடையாது. காரைக்குடி சிக்ரி நிறுவனம் கடல் அரிப்பைச் சோதிக்க மண்டபம் முகாமைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. இரும்பை வெளியே வச்சா என்ன ஆகும்னு பார்க்க இதை விட மோசமான, அதாவது நல்ல, இடம் கிடைக்காது. 1914ல திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு வாழ்நாள் முழுக்க துருவோடதான் சண்டை. 2025 ஏப்ரல் 6 அன்னிக்குத் திறந்த புதுப் பாலத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, பாலிசிலோக்ஸேன் பெயிண்ட் என்று போட்டிருக்காங்க. பாலத்துக்கே அப்படின்னா, என் 300 ரூபாய் போர்டு எம்மாத்திரம்?

ராத்திரி மட்டும் ஏன் என்பதுக்கு விடை பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில இருக்கு. காத்துல வர்ற உப்புத்தூள் போர்டு மேல படியுது. காஞ்ச உப்பு கரண்ட்டைக் கடத்தாது. ஆனா காத்தோட ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினா சோடியம் குளோரைடு காத்துல இருக்கிற தண்ணியை இழுத்துத் தானே கரைஞ்சுடும். உப்பு ஜாடியில உப்பு கசியறதைப் பார்த்திருப்பீங்க, அதேதான். கரைஞ்ச உப்பு நல்லாக் கடத்தும். ராத்திரி ஈரப்பதம் ஏறினதும் ரெண்டு பின்னுக்கு நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு வயர் முளைக்குது, ரீசெட் பின் கீழே இழுபடுது, போர்டு ரீஸ்டார்ட் ஆகுது. வெயில் ஏறினதும் காஞ்சிடும், எல்லாம் சரியாயிடும். நான் கோடுல தேடினது உப்பை.

ரெண்டாவது போர்டுல சொருகுற பின் எதுவும் இல்லை, எல்லாம் நேரடி சால்டரிங். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வச்சு நல்லாக் கழுவி, காய வச்சு, அப்புறம் அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்பிரே. கழுவாம அடிச்சா உப்பை உள்ளேயே வச்சுப் பூட்டின மாதிரி. யூஎஸ்பி வாய், ரிசீவர் கண் இதுல எல்லாம் ஸ்பிரே படாம டேப் ஒட்டிக்கங்க. ஸ்பிரே கிடைக்கலைன்னா நிறமில்லாத நெயில் பாலிஷ் கொஞ்ச நாள் தாங்கும். அத்தை மககிட்ட கடன் வாங்கி முதல் மாசம் அப்படித்தான் ஓட்டினேன். பெட்டியை ஜன்னல்லேருந்து உள் சுவருக்கு மாத்தியாச்சு. ஈரப்பதம் அளக்குற சென்சாரை மட்டும் மூட முடியாது, அது மூச்சு விடணும். அதனால அது சாகும். வருஷத்துக்கு ஒண்ணு மாத்துறதா வச்சுக்கங்க.

ஏசியோட வெளி யூனிட்டுக்கும் இதே கதிதான். அலுமினிய தகடும் செம்புக் குழாயும் ஒட்டி இருக்கிற இடத்துல உப்புத் தண்ணி பட்டா அது ஒரு சின்ன பேட்டரி, தகடுதான் கரையும். கடல் பக்கம் பார்த்து வைக்காம, கரண்ட்டை நிறுத்திட்டு அப்பப்போ நல்ல தண்ணியில மெதுவாக் கழுவி விட்டா ஆயுள் நீளும். எந்த ஆட்டோமேஷனும் இதைச் செய்யாது, ஆளு ஏணி வச்சு ஏறணும்.

பில் பத்தி சுருக்கமா. எங்களுது 1 டன் ஏசி. டன்னுன்னா எடை இல்லை. ஒரு டன் ஐஸ் கட்டி ஒரு நாள் முழுக்கக் கரையறப்போ எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த வேகத்துல வெப்பத்தை வெளியே தள்ளுற சக்தி, சுமார் 3.5 கிலோவாட். ராமேஸ்வரம் போட்டுக்கு ஐஸ் ஏத்துறதைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். கரண்ட் இழுக்கிறது சுமார் 1.1 கிலோவாட். எட்டு மணி நேரத்துல கம்ப்ரஸர் 60 சதவீத நேரம் ஓடுதுன்னு வச்சா ராத்திரிக்கு 5 யூனிட் சொச்சம், ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் தாண்டும். வீட்டோட மத்த செலவும் சேர்ந்தா ஈபி கணக்குல 500 யூனிட் எல்லை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். அதைத் தாண்டினா அதுவரை கிடைச்ச சலுகை விலையும் கொஞ்சம் போயிடும். ஒரு டிகிரி ஏத்தி வச்சா சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசோட பிஇஇ சொல்லுது. ஸ்டார் லேபிள் ஏசிகள் 2020 ஜனவரி 1 முதல் 24 டிகிரியில ஆரம்பிக்கணும்னு விதியும் இருக்கு. எங்க பக்கம் மதுரை அளவுக்கு வெயில் ஏறாது, ஈரம்தான் ஆளை அடிக்கும். 26ல வச்சு சீலிங் ஃபேனும் ஓடினா அப்பத்தாவுக்குப் போதும். நாலு மணிக்கு ஏசியை அணைக்கிற மாதிரி முதல்ல வச்சிருந்தேன், அஞ்சு மணிக்கெல்லாம் பிசுபிசுன்னு முழிப்பு வந்துடுச்சு. இப்போ அணைக்கிறதில்லை, 28க்கு ஏறும். அதையும் கேட்டுட்டுத்தான் வச்சேன்.

ஸ்மார்ட் பிளக்குல ஏசியை மாட்டி ஆன் ஆஃப் பண்ணலாமான்னு நிறைய பேர் கேட்கிறாங்க. வேண்டாம். 10 ஆம்பியர் பிளக் ஏசி ஸ்டார்ட் ஆகுற இழுவையைத் தாங்காம உருகலாம், ஓடிட்டிருக்கிற கம்ப்ரஸரைப் பட்டுனு வெட்டுறது அதுக்கும் நல்லதில்லை. மேல, கரண்ட் கொடுத்தாலும் எங்க ஏசி மாதிரி ஆளு எந்திரிக்காது.

புதுசா ஏசி வாங்கப் போறீங்கன்னா இந்தத் தலைவலியே வேண்டாம், பதில் பேசுற ஏசி வாங்குங்க. வைஃபை மாடல்கள் தன் நிலவரத்தைத் திருப்பிச் சொல்லும், ஆனா பெரும்பாலும் கம்பெனி சர்வர் வழியா. மிட்சுபிஷி எலக்ட்ரிக் ஏசிகள் பலதுல உள்ளே சிஎன்105 என்று ஒரு சாக்கெட் இருக்கு, டைகின்ல பலதுல எஸ்21. அதுல ஒரு இஎஸ்பி போர்டை மாட்டினா ஏசி கூட நேரடியா ரெண்டு வழியிலும் பேசலாம், அகச்சிவப்பே தேவையில்லை. மூடியைத் திறந்தா வாரண்டி போகலாம் என்பதை யோசிச்சுக்கங்க.

எனக்கு மொத்தம் ஆனது 1,000 ரூபாய்க்குள்ள, அந்தச் செத்த போர்டையும் சேர்த்து. இந்த மார்ச்ல ஒரு தடவை அலாரம் அடிச்சுது, ராத்திரி பன்னிரண்டரை. சொன்னது கூல், கரண்ட் இருக்கு, காத்து குளிரல. பதறிப் போய் போன் பண்ணினேன். அப்பத்தா முழிச்சுத்தான் இருந்தாங்க. சென்சார் தொங்குற வயர்ல துண்டைக் காயப் போட்டிருந்தாங்களாம், அது சுவர் பக்கம் திரும்பிடுச்சு. ஏசி நல்லாத்தான் ஓடுது, நீ தூங்குன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. அடுத்த லீவுல அந்த வயருக்கு ஒரு கிளிப் அடிக்கணும்.